மரியோ விளையாடாத ஆட்டம்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி என்னிடம் வந்தவன் வீடுகளைச் சூடாக்கும் ஃபேர்னஸ் திருத்துகிறவன். வந்த நாளில் அவன் கையில் கருவிப் பெட்டி இருக்கவில்லை, நீல நிறக் கோப்பு ஒன்று இருந்தது. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் என் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, "அண்ணை, நான் சண்டைக்கு வரேல்லை" என்றான். சண்டை நோக்கம் துளியும் இல்லாதவர்கள் அப்படிச் சொல்வதில்லை என்பது என் அனுபவம். கேத்திலை அடுப்பில் வைத்தேன்.

அவன் பெயர் மரியோ. வயது நாற்பத்திரண்டு. அஜக்ஸில் மனைவி நிலாணியோடும் தாய் வேரோனிக்காவோடும் இருக்கிறான். இங்கிலாந்தில் ஒன்பது வருடம் சம்பளத்துக்கு உதைபந்தாடியவன். நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கிற லீக்கில் அல்ல. அதற்குக் கீழே ஒரு லீக், அதற்கும் கீழே ஒன்று என்று இறங்கிக்கொண்டே போனால் ஆறாவது, ஏழாவது படியில், நானூறு பேர் குடையோடு நின்று பார்க்கிற மைதானங்களில், நடுக்களத்தில் ஓடியவன்.

கோப்புக்குள் இருந்தவை பத்திரிகை நறுக்குகள். எழுதியவன் நான். ஸ்காபரோ கடை வாசல்களில் இலவசமாக அடுக்கி வைக்கிற தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் 'களத்தில் நம்மவர்' என்று ஒரு பத்தி வந்தது. ஒன்பது வருடமும் அதில் மரியோதான் நம்மவர். அவனுடைய தகப்பன் சீமோன் அண்ணை ஒவ்வொன்றையும் வெட்டி, ஒட்டி, திகதி போட்டு வைத்திருந்தார். அவர் இறந்து பதினைந்து வருடமாகிவிட்டது. யூனியன்வில் வீட்டை விற்று வேரோனிக்கா அக்கா மகனோடு போனபோது, பெட்டி கட்டுகையில் கோப்பு வெளியே வந்தது.

மரியோவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஒன்பது வருடம் நான் அவனைப் பற்றி எழுதினேன், அவன் அதில் ஒரு வரியும் வாசித்ததில்லை. யாழ்ப்பாணத்தில் படித்து வந்த நிலாணிதான் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"ஐம்பத்தெட்டு கோல் அண்ணை. நிலாணி எண்ணினவ" என்றான் மரியோ. "நான் அடிச்சது ஒம்பது."

நான் சீனிப் போத்தலைத் தேடினேன். அது கண்ணுக்கு முன்னால் இருந்தது.

"இற்ஸ் ஓகே. அதுக்கு வரேல்லை. நான் உண்மையா விளையாடினதை எழுதித் தாங்கோ. கடைசியில என்னைக் கிளப் வேண்டாமெண்டு விட்டதையும் எழுதுங்கோ. அம்மாவுக்கு வாசிக்கவேணும்."

"நீரே சொல்லலாமே."

"பதினைஞ்சு வருஷமா ட்றை பண்ணுறன். வாயால சொன்னா அவ நம்பமாட்டா. நீங்கள் எழுதினதை நம்புவா. நீங்கள் எழுதினதைத்தானே இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டு இருக்கிறா."

2

எழுத உட்கார்ந்ததும் முதல் சிக்கல் நான்தான். 'நான்' என்று எழுதினால் என் கை என்னைக் கேட்காமலே எனக்குச் சாதகமாக எழுதும். இருபது வருடப் பழக்கம். ஆகவே இந்தக் கதையில் அந்தப் பத்திரிகைக்காரனுக்கு வினோதன் என்று பெயர் வைக்கிறேன். வினோதனைத் திட்டுவது சுலபம்.

முதலாவது தொடக்கம் இப்படி இருந்தது:

ஈரமான நவம்பர் மாலையில் வெல்மார்ஷ் மைதானத்து விளக்குகள் எரிந்தபோது, மரியோவின் கண்களில் ஆயிரம் கனவுகள்—

(நிறுத்திவிட்டேன். அந்த மாலை என்ன யோசித்தாய் என்று அவனைக் கேட்டேன். "சொக்ஸ் நனைஞ்சிட்டுது எண்டு" என்றான்.)

இரண்டாவது:

தோல்வியுற்ற ஓர் ஆட்டக்காரனின் வாழ்க்கையை—

(இதையும் விட்டேன். விவரம் கேட்க எடுத்த தொலைபேசியில் இந்த வரியை நிலாணிக்கு வாசித்துக் காட்டியது என் பிழை. "தோல்வி எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? மனுசன் ஒம்பது வருஷம் ஓடியிருக்கிறார். நீங்கள் ஒம்பது நிமிஷம் ஓடிப்போட்டு வந்து எழுதுங்கோ." நியாயம். எனக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது.)

மூன்றாவது தொடக்கத்தில் அலங்காரம் இல்லை. ஆகவே அது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

மரியோ 1982இல் லண்டனில் பிறந்தான். சீமோன் படிக்கவென்று போய், படிப்பை விட்டுப் பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்ற காலம். பிள்ளைக்கு ஏழு வயதில் குடும்பம் ரொறன்ரோவுக்கு வந்தது. சீமோனுக்கு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. லண்டனிலிருந்து தாங்கள் கொண்டுவந்தவற்றில் பெறுமதியானது பிள்ளையின் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுத்தான் என்பது அவர்களுக்குப் பதினொரு வருடம் கழித்துத்தான் உறைத்தது. பதினெட்டு வயதில் மரியோ அதை எடுத்துக்கொண்டு லண்டனில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனான்.

முதலாவது கழகம் ஹால்டன்மோர் டவுன், ஏழாவது படி. செவ்வாயும் வியாழனும் மாலையில் பயிற்சி, சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம், மீதி நேரம் பண்டகசாலையில் பெட்டி ஏற்றும் வேலை. மூன்று வருடம் கழித்து வெல்மார்ஷ் றோவர்ஸ், ஆறாவது படி. அங்கேதான் அவன் நன்றாக இருந்தான். நாலாம் இலக்கச் சட்டை. 'மார்ஸ்' என்று கூப்பிடுவார்கள். ஐந்து வருடம் கழித்து கிரிம்ஸ்டெட் அத்லெற்றிக். அங்கே ஒரு பருவம்கூட முழுதாக இல்லை.

மொத்தம் இருநூற்று நாற்பத்தொரு ஆட்டம். இந்த எண்ணிக்கை என்னுடையது அல்ல, நம்பலாம். வெல்மார்ஷ் றோவர்ஸின் பழைய ரசிகர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரராம், தங்கள் ஆட்டக்காரர் எல்லாருடைய கணக்கையும், வேறு கழகங்களில் ஆடியதையும் சேர்த்து, இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார். அவருக்கு மரியோவைத் தெரியாது, தமிழும் தெரியாது. அவர் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை.

நடுக்களத்து ஆட்டக்காரனுடைய வேலை என்ன? மரியோ எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன். எதிராளி பந்தை எங்கே தரப்போகிறான் என்று அவனுக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து, அங்கே போய் நிற்க வேண்டும். பத்துத் தடவையில் ஏழு தடவை பந்து அங்கே வராது. ஏனென்றால் நீ அங்கே நிற்கிறாய். "அதுதான் வேலை அண்ணை. நான் நிண்டதால நடக்காமல் போனதுகள். அதை ஆரும் ஸ்கோர் போர்ட்டில போடமாட்டினம்." பந்து கிடைத்தாலும் அதை வைத்திருக்கக் கூடாது. கிட்ட நிற்கிறவனுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும்.*

* வினோதன் கிரிக்கெட்காரன். உதைபந்தில் அவனுக்குத் தெரிந்தது கோல் ஒன்றுதான். மேலே உள்ள பந்தியைப் போல ஒன்றை அவன் ஒன்பது வருடத்தில் ஒரு தரமாவது எழுதியிருந்தால் இந்தக் கதைக்கு வேலை வந்திராது.

4

மரியோ ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனுக்குத் தொலைபேசி எடுப்பான். சீமோன் திங்கட்கிழமைகளில், பின்னேர வேலைக்குப் போகிற வழியில், பத்திரிகை அலுவலகத்துக்கு வருவார். பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேசை, எப்போதும் கருவாட்டு மணம். வினோதனின் மேசை விளிம்பில் சாய்ந்து நின்று சொல்லத் தொடங்குவார்.

வாயால் மட்டும் சொல்லமாட்டார். வலது கையின் இரண்டு விரல்களை மேசையில் ஊன்றி நடத்துவார். பென்சில் அழிறப்பர்தான் பந்து. விரல்கள் பின்னுக்கு ஓடும், நிற்கும், அழிறப்பரைத் தொடும், பக்கத்தில் மெல்லத் தட்டிவிடும். முன்னுக்கு அல்ல, பக்கத்துக்கு.

"பாத்தீரே? இஞ்சால எடுத்து அங்கால குடுக்கிறான். அவ்வளவுதான். உதுதான் தம்பி ஆட்டம். கோல் ஆரும் அடிப்பினம்."

வினோதன் தலையை ஆட்டுவான். சீமோன் போனதும் எழுதுவான்: 'இறுதி நிமிடத்தில் மரியோவின் இடிமுழக்கக் கோல்.'

(ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். கதையின் முதலாவது பிரதியில் இதற்குச் சீமோனைக் காரணமாக எழுதியிருந்தேன்: 'கொஞ்சம் கூட்டிப் போடும் தம்பி, ஊர் பார்க்கட்டும்' என்று அவர் கண்ணைச் சிமிட்டுவதாக ஒரு காட்சி. நன்றாகவே வந்திருந்தது. செத்தவர் மறுக்கவும் மாட்டார். அடித்துவிட்டேன். அவர் ஒருநாளும் அப்படிக் கேட்கவில்லை. பக்கத்துக்குக் கொடுத்த பந்துக்குத் தலைப்புப் போட வினோதனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் காரணம்.)

முதலாவது பொய்க் கோல் அச்சில் வந்த திங்கட்கிழமை வினோதன் கொஞ்சம் பயந்துதான் இருந்தான். சீமோன் வந்தார். பத்திரிகையை நின்றபடியே வாசித்தார். மடித்தார். பிறகு அடுக்கிலிருந்து ஐந்து பிரதி எடுத்துக்கொண்டு போனார். அந்த ஐந்து பிரதியை வினோதன் தனக்குக் கிடைத்த அனுமதி என்று எடுத்துக்கொண்டான். அது வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம் என்று யோசிக்கிற வயது அப்போது அவனுக்கு இல்லை.

5

ஓர் ஆட்டத்தையாவது சரியாக எழுத வேண்டும். 2005 நவம்பர். கோப்பைப் போட்டியில் வெல்மார்ஷ் றோவர்ஸுக்கு மூன்று படி மேலேயுள்ள பெரிய கழகம் ஒன்று வந்து வாய்த்தது. வழக்கமாக நானூறு பேர் வருகிற மைதானத்துக்கு இரண்டாயிரத்து அறுநூறு பேர். தேத்தண்ணிக் கடையில் இடைவேளைக்கு முன்னமே பால் முடிந்துவிட்டதாம்.

எண்பத்தெட்டாவது நிமிடம் வரை கோல் இல்லை. அந்த நிமிடத்தில் பந்து பறிபோனது. பெரிய கழகத்தின் இடது பக்க ஓட்டக்காரன், பத்தொன்பது வயதுப் பிள்ளை, தனியே கிளம்பினான். மரியோ எதிர்ப் பாதியில் நின்றான். துரத்திப் பிடிக்க முடியாதென்று அவனுக்குத் தெரியும். ஆகவே பிள்ளைக்குப் பின்னால் ஓடவில்லை. பிள்ளை எங்கே போய் உள்ளுக்கு வெட்டுவான் என்று எண்ணி, அந்த இடத்துக்கு ஓடினான். அறுபது மீற்றர். முழங்கால் அப்போதே நோகத் தொடங்கியிருந்தது. பிள்ளை வெட்டினான். மரியோ சறுக்கிப் போய்ப் பந்தை மட்டும் எடுத்தான். எழும்பி, கிட்ட நின்ற தன் கோல்காப்பாளருக்குத் தட்டிவிட்டான். பூச்சியம் பூச்சியம். பத்து நாள் கழித்துப் பெரிய கழகத்தின் மைதானத்தில் மறுஆட்டம் ஆடி மூன்று கோலால் தோற்றார்கள்.

இதைச் சொல்லும்போது மரியோ என் மேசையில் இரண்டு விரலை ஊன்றி நடத்தினான். உப்புச் சிமிழ்தான் பந்து. நான் எழுந்து போய் இன்னொரு தரம் கேத்திலை வைத்தேன்.

"எழும்பி நிண்டு கைதட்டினவை அண்ணை. எனக்கு. கோல் அடிச்சவனுக்குத் தட்டுறமாதிரி இல்லை, அது வேற சவுண்ட். என்ர லைஃபில அப்பிடி ஒருக்காத்தான்."

வினோதன் அந்த வாரம் எழுதியது: 'மரியோவின் வெற்றிக் கோல் மறுப்பு! நடுவரின் பாரபட்சம் காரணமா?'

"அப்பா செத்தது, ஐம்பத்தெட்டு கோல் அடிச்ச ஒருத்தனுக்கு அப்பாவாத்தான்" என்றான் மரியோ. "அது நான் இல்லை. நான் செய்ததுகள் ஒண்டும் இந்த ஃபைலுக்குள்ள இல்லை அண்ணை."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை.

6

இனி 2009. வேகமாக எழுதிவிட்டு ஓடிவிட வேண்டும்போல் இருக்கிறது. ஆகவே மெதுவாக எழுதுகிறேன்.

பெப்ரவரிக் கடைசியில் கிரிம்ஸ்டெட் அத்லெற்றிக் மரியோவை விட்டது. முகாமையாளர் நல்ல மனிதர், தானே காரில் கூட்டிக்கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னார். முழங்கால் இனி ஒத்துழைக்காது. அந்த ஞாயிறு மரியோ தகப்பனிடம் உண்மையைச் சொல்லவில்லை. காலில் சின்ன நோவு, ஓய்வில் இருக்கிறேன் என்றான். கோடையில் நேரே வந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்பது அவனுடைய எண்ணம்.

திங்கட்கிழமை சீமோன் அலுவலகத்துக்கு வந்தார். "இந்தமுறை புதினம் ஒண்டும் இல்லை தம்பி. பிள்ளைக்குக் கால் நோவாம்" என்றார். அன்று விரல்கள் மேசைக்கு வரவில்லை.

பத்தி வெறுமையாகக் கிடந்தது. வினோதன் நிரப்பினான்: 'மார்ச் 14 சனிக்கிழமை தீர்க்கமான ஆட்டம்! பெரிய கழகங்களின் பிரதிநிதிகள் மரியோவைப் பார்வையிட வருகிறார்கள்!' அப்படி ஓர் ஆட்டம் இல்லை. பிரதிநிதிகளும் இல்லை. ஆச்சரியக்குறிகள் மட்டும் இருந்தன.

மார்ச் 9, திங்கள். சீமோன் தொழிற்சாலை உடைமாற்றும் அறையில் விழுந்தார். பக்கவாதம். பேச்சுப் போனது, இடது பக்கம் போனது. தப்பிவிடுவார் என்றுதான் டாக்டர் சொன்னார்.

புதன்கிழமை வேரோனிக்கா வினோதனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, பேப்பரில கீப்பரில போட்டுடாதேங்கோ. லண்டனில ஆரும் கண்டிட்டுப் பிள்ளைக்குச் சொல்லிப்போடுவினம். சனிக்கிழமை பெரிய மட்ச் எண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள். அது முடியட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லுறன்."

எங்கள் ஆட்களுக்கு இது புதிது அல்ல. பரீட்சை முடியட்டும், பிள்ளை பிறக்கட்டும், விசா வரட்டும், பிறகு சொல்லுவோம் என்று எத்தனை வருத்தங்களை, எத்தனை சாவுகளைக் கடலுக்கு இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் ஒளித்து வைத்திருக்கிறோம். அன்பினால்தான். வேரோனிக்காவும் அன்பினால்தான் ஒளித்தார். ஆனால் அவர் முடியட்டும் என்று காத்திருந்த ஆட்டம் வினோதனின் மேசையில் மட்டுமே நடக்க இருந்தது.

வினோதன் அப்போதே சொல்லியிருக்கலாம். "அக்கா, அப்பிடி ஒரு மட்ச் இல்லை" என்று ஏழு வினாடியில் முடிகிற வேலை. "சரி அக்கா" என்றான்.

7

மார்ச் 13, வெள்ளிக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு மணி. அலுவலகத் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் மரியோ. ஒன்பது வருடத்தில் அவன் வினோதனோடு நேரே பேசியது அதுதான் முதல் தடவை.

"அண்ணை, இனி என்னைப் பற்றி எழுதாதேங்கோ. கிளப் என்னை விட்டுட்டுது. நான் விளையாடேல்லை. அப்பாவுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லாதேங்கோ. ப்ளீஸ். நான் கோடைக்கு வந்து சொல்லுறன்."

"சரி மரியோ."

"ரெண்டு நாளா அப்பாவுக்கு எடுக்கிறன், ஃபோன் எடுக்கிறாரில்லை. அம்மா ஏதோ கோயில் எண்டு சொன்னா. அவர் ஓகேதானே?"

வினோதன் சொன்னான்—

வினோதன் ஒரு கணம்—

வினோதனுடைய கையில் அப்போது—

இல்லை. இந்த இடத்தை வினோதனிடம் விட முடியாது. வினோதன் என்று ஒருவன் இல்லை. தொலைபேசியைப் பிடித்திருந்தது என் கை. ஒரு காதில் புதன்கிழமை வேரோனிக்கா அக்கா சொன்னது இருந்தது, மற்றக் காதில் மரியோ சொல்லிக்கொண்டிருந்தான். மகன் சும்மா இருக்கிறான் என்று தாய்க்குத் தெரியாது. தகப்பன் ஆஸ்பத்திரியில் என்று மகனுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே மனிதன் நான்.

நான் சொன்னேன்: "தவக்காலமெல்லே, வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதைக்குப் போயிருப்பார்."

"ஓ. ஓம் என்ன" என்றான். "தாங்க்ஸ் அண்ணை."

அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் அவன் சனிக்கிழமை இங்கே வந்து இறங்கியிருப்பான். ஏன் சொல்லவில்லை? பதினைந்து வருடமாக நானே எனக்குச் சொல்லிவந்த பதில், இரண்டு பேரும் நம்பிச் சொன்ன இரகசியத்தைக் காப்பாற்றினேன் என்பது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பதில். உண்மை வெட்கக்கேடானது. மரியோவுக்குச் சொன்னால் ஆட்டம் இல்லை என்பது அக்காவுக்குத் தெரியவரும். நான் கட்டி எழுதியது வெளியே வரும். கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கிற ஒரு பத்திரிகையில் எனக்கிருந்த பெயருக்காக, மரியோ, உமது தகப்பனின் கடைசி நாளை உமக்குத் தராமல் விட்டேன்.

(மேலேயுள்ள வரியில் நான் வாசகரை விட்டுவிட்டு மரியோவோடு பேசத் தொடங்கிவிட்டேன். திருத்தப் பார்த்தேன். அப்படியே இருக்கட்டும்.)

8

சனிக்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீமோன் அண்ணை கண்ணை மூடிக் கிடந்தார். வேரோனிக்கா அக்காவின் கையில் செபமாலை. என்னைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

"மட்ச் முடிஞ்சிருக்குமே தம்பி? என்னவாம்? இவருக்கு ஒருக்காச் சொல்லுங்கோ, கேக்கிறாரெண்டு நேர்ஸ் சொன்னவ."

என் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. பிழை திருத்த எடுத்து வந்த சேலைக் கடை விளம்பரம். அதை வெளியே எடுத்து, விரித்து, அதிலிருந்து வாசிப்பதுபோல் வாசித்தேன். மரியோ எழுபதாவது நிமிடத்தில் பந்தை எடுத்தான், மூவரைக் கடந்தான், இருபது மீற்றர் தூரத்திலிருந்து வலது மூலைக்குள் அடித்தான். இரண்டுக்கு ஒன்று வெற்றி. வேரோனிக்கா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். தாளின் தலையில் 'தைப்பொங்கல் மலிவு விற்பனை நீடிப்பு' என்று இருந்தது.

அப்போது சீமோன் அண்ணையின் வலது கை அசைந்தது. போர்வைமேல் இரண்டு விரல்கள் ஊன்றின. பின்னுக்கு இரண்டு அடி வைத்தன. நின்றன. பிறகு எதையோ மெல்லத் தட்டிவிட்டன. பக்கத்துக்கு.

அக்கா அதைக் காணவில்லை, கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தார். நான் கண்டேன்.

தன் மகன் எப்படி ஆடுகிறவன் என்று அவருக்குத் தெரியும். என் ஐம்பத்தெட்டு கோலும் அவரை ஏமாற்றவில்லை. என்னை அவர் அந்த நேரத்தில் திருத்தினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஞாயிறு காலை, பூசைக்கு முன், அவர் போய்விட்டார். மரியோவுக்கு "அப்பா சீரியஸ், உடனே வா" என்று சொன்னார்கள்.*

* எங்கள் ஆட்கள் 'சீரியஸ்' என்று சொன்னால் ஆள் முடிந்துவிட்டார் என்று பொருள். மரியோவுக்கும் தெரியும். ஆனாலும் விமானத்தில் எட்டு மணித்தியாலமும் தெரியாத மாதிரியே இருந்து வந்ததாகச் சொன்னான்.

அந்த வாரப் பத்திரிகையில் ஏழாம் பக்கத்தில் அந்தப் பொய் ஆட்டம், பதினெட்டாம் பக்கத்தில் மரண அறிவித்தல். ஒரு மாதம் கழித்து நான் எழுதிய கடைசிப் பத்தி: 'தாய்க்காகக் களத்தைத் துறந்த தனயன்.' மரியோ திரும்பிப் போகவில்லை, அதனால் எல்லாரும் அதை நம்பினார்கள். மரியோவும் மறுக்கவில்லை. மறுத்தால் தகப்பனுக்கு மறைத்ததைச் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து வேரோனிக்கா அக்கா, தான் ஆறு நாள் ஒளித்ததால் மகனுக்குத் தகப்பனின் கடைசி முகம் கிடைக்கவில்லை என்றும், தனக்காகவே அவன் விளையாட்டையும் விட்டான் என்றும் இரட்டைப் பாரம் சுமக்கிறார். மகன் நொண்டிக்கொண்டு வேலைக்குப் போகும்போதெல்லாம் "நான்தான் உன்னைக் கெடுத்தனான்" என்பாராம். தொலைக்காட்சியில் உதைபந்து போட்டால் எழும்பி மேலே போய்விடுவாராம். மரியோவும் அந்த ஆறு நாளுக்காக அவரை இன்னும் மன்னிக்கவில்லை. ஒரே வீடு, ஒரே மேசை, சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சில்லை.

9

முடிவுகள்.

அ) நிலாணி வாசிக்கிறாள். வேரோனிக்கா அக்கா விம்முகிறார். மரியோ தாயைக் கட்டிக்கொள்கிறான். வெளியே முதற்பனி—

(போதும். இதைப் படத்தோடு ஏழாம் பக்கத்தில் போடலாம்.)

ஆ) எல்லாம் இருக்கும், ஏழாம் பகுதி மட்டும் இருக்காது. கழகம் விட்டதும், ஆட்டமே இருக்கவில்லை என்பதும் தாய்க்குத் தெரிந்துவிடும். அவருடைய பாரத்தில் பாதி இறங்கும். பத்திரிகைக்காரன் சும்மா அளந்தவன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைத் தொலைபேசி நடந்ததே இல்லை. தனக்குப் பதில் சொன்னவன் ஒன்றும் அறியாமல் சொன்னான் என்றுதான் மரியோ இன்றைக்கும் நினைக்கிறான். நினைத்துக்கொண்டே இருப்பான். என்னை ஒருநாள் சாப்பாட்டுக்கும் கூப்பிடுவார்கள்.

இந்த முடிவைத்தான் முதலில் எழுதினேன். பதினொரு நாள் அது என் மேசையில் கிடந்தது. நல்ல கதை.

இ) முடிவை வாசகரிடம் ஒப்படைப்பது. இந்த மாதிரிக் கதைகளில் அது ஒரு வழக்கம், கௌரவமானதும்கூட. இந்தக் கதைக்கு வாசகர் நிலாணி. அவள்தான் சத்தமாக வாசிக்க வேண்டியவள். ஏழாம் பகுதி வந்ததும் அவள் நிறுத்தலாம், தாண்டலாம், கணவனின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வரியை விழுங்கலாம். ஆனால் அப்போது இரண்டு காதிலும் இரண்டு உண்மையை வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறவளாக அவள் ஆகிவிடுவாள். அந்த வெள்ளிக்கிழமையும் நான் இதைத்தானே செய்தேன், முடிவை மற்றவர்கள் தலையில் போட்டேன். அந்தப் பிள்ளைக்கு அதைச் செய்யமாட்டேன்.

10

வியாழக்கிழமை காலை நிலாணிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கதை முடிஞ்சுதோ அங்கிள்? ஈமெயிலில போட்டுவிடுங்கோ, நான் வாசிக்கிறன்."

"இல்லைப் பிள்ளை. நான் வந்து வாசிக்கிறன். மரியோவும் அக்காவும் இருக்கவேணும்."

"அதில ஏதும் இருக்கோ?"

"இருக்கு."

"எப்ப வருவியள்?"

"சனிக்கிழமை. மூண்டு மணிக்கு."

இன்று சனிக்கிழமை. மார்க்கத்திலிருந்து அஜக்ஸுக்கு, 401 நெடுஞ்சாலையில் வாகன நெரிசல் இல்லாவிட்டால் முப்பத்தைந்து நிமிடம். அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதலாவது பகுதியிலிருந்து வாசிப்பேன். சப்பாத்து, கேத்தில், சீனிப் போத்தல் எல்லாவற்றையும் வாசிப்பேன். எட்டாவது பகுதி வரை என்னை இருக்க விடுவார்களோ தெரியாது. விட வேண்டும் என்று மட்டும் ஆசைப்படுகிறேன். போர்வைமேல் நகர்ந்த அந்த இரண்டு விரல்களைத் தவிர மரியோவுக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை. அதை அவன் நம்புவானோ? ஐம்பத்தெட்டு கோல் எழுதியவன் சொல்கிற ஐம்பத்தொன்பதாவது என்று நினைத்தால் நான் என்ன செய்ய முடியும். சாட்சியாக இருந்தது நான் ஒருவன்தான்.

ஆகவே, வாசகரே, முடிவை உங்களுக்குத் தரவில்லை. நானும் எழுதவில்லை. மரியோவின் ஆட்டங்களுக்கு நான் எழுதிய முடிவுகள் போதும். எந்த வரியில் அவன் "போதும் அண்ணை, காணும்" என்று சொல்லுகிறானோ அந்த வரியில் கதை நிற்கும். நான் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

மணி இரண்டாகிறது. தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கிறேன். இந்தமுறை அவற்றில் எழுத்து இருக்கிறது.